மூட்டை மார்க்காவும் வாழ்த்து அட்டையும்



பருப்பு, புளி, மிளகாய் வற்றல் என்று எழுதிப் பழகிய கை இது. இந்த இதழில் ஸ்டென்சில் தகட்டைப் பற்றியும், அதை வைத்துக் கையால் செய்யும் வாழ்த்து அட்டை, அழைப்பு அட்டை பற்றியும் எழுதப் போகிறோம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். நாமாகத் தேடிப் போன விஷயம் அல்ல இது. ஒரு நாள் காலை, கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள், சாக்குப் பையில் கட்டி நமது கல்லாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கப்பட்ட விஷயம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த மளிகை செய்து வருகிறோம். மகன் பொறுப்புக்கு வந்த பிறகு, வெறும் மளிகையை நம்பி இருந்தால் போதாது என்று சொல்லிப் பக்கத்து அறையில் ஸ்டேஷனரியும் கைவேலைச் சாமான்களும் போட்டான். அட்டைக் காகிதம், வண்ணம், பிரஷ், பசை, மணி, ஜிகினா, பிளாஸ்டிக் ஷீட் என்று நமக்குப் பழக்கமில்லாத சரக்கெல்லாம் வந்து இறங்கியது. விற்கவும் செய்தது. விற்கிறதே என்று நாமும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்காக 300 கைவேலை அழைப்பு அட்டைகள் செய்து தர, ஊருக்கு வெளியே உள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழு ஆர்டர் எடுத்திருந்தது. மொத்தம் எட்டுப் பேர். பெரிய ஆர்டர் அவர்களுக்கு அதுதான் முதல். அட்டையின் மேலே மாவிலைத் தோரணம், நடுவில் குத்துவிளக்கு, கீழே பெண் மாப்பிள்ளை பெயர்களின் முதல் எழுத்துகள். மூன்றையும் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஸ்டென்சில் தகடாக்கி, அதன் மேல் வண்ணம் ஒற்றி எடுக்க வேண்டியது. சரக்கு முழுவதும் நமது கடையில் வாங்கியது.

அந்தச் சாக்குப் பையில் 212 அட்டைகள் இருந்தன. விளக்கின் சுடர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் திட்டு. தோரணத்தின் இலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பச்சைச் சேறு போல் கிடந்தன. எழுத்துகளை அதன் சொந்தக்காரர்களே வாசிக்க முடியாது. அட்டைகள் வேறு, எண்ணெயில் போட்ட அப்பளம் போல நெளிந்து நின்றன.

குழுத் தலைவி சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, பருப்புல கல்லு இருந்தா மாத்திக் குடுப்பீங்கல்ல? இதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மகன் அவசரப்பட்டு, "சரக்குதாங்க எங்களது, வேலை உங்க கை வேலை" என்று சொல்லிவிட்டான். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம் என்பதை மறைப்பானேன்? ஆனால் அந்தம்மாள் அடுத்துச் சொன்னது வாயை அடைத்துவிட்டது. வண்ணம் கெட்டியாக இருக்கிறதே, அப்படியே போடலாமா என்று வாங்கும்போதே கேட்டிருக்கிறார். நமது கடைப் பையன், "தண்ணி ஊத்திக் கலக்கிக்கங்க, நிறைய வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஆமாம் என்றான்.

அட்டைகளை ஒப்படைக்கப் பதினோரு நாள்தான் இருந்தது.

தராசில் தெரிந்தது

முதலில் நெளிந்த அட்டையைக் கையில் எடுத்தோம். 300 ஜி.எஸ்.எம். என்று சொல்லி வாங்கிய காகிதம் அது. ஒரு சதுர மீட்டர் காகிதம் இத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். கணக்கு. நாம் விற்கும் ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பு வந்துவிடும். ஆகவே 16 தாளை எண்ணித் தராசில் வைத்தால், தராசு காட்டும் கிராம்தான் அந்தக் காகிதத்தின் ஜி.எஸ்.எம்.! இதற்கு ஒரு ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. கடுகு நிறுக்கிற தராசு போதும்.

பிரிக்காத கட்டிலிருந்து 16 தாள் எடுத்து வைத்தோம். 222 கிராம்.

மூட்டைக்கு 200 கிராம் குறைந்தால் கோடவுன் வாசலில் நின்று சண்டை போடுகிற நாம், நூற்றுக்கு இருபத்தாறு பங்கு குறைவான காகிதத்தை நிறுத்துப் பார்க்காமலே வாங்கி, நிறுத்துப் பார்க்காமலே விற்றிருக்கிறோம். மெல்லிய காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அந்தப் பக்கத்து நார் உப்பும், மறுபக்கம் உப்பாது, தாள் வளைந்துவிடும். அத்தனையும் நமது பையன் ஊற்றச் சொன்ன தண்ணீர்.

காகிதத்தை மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் வண்ணம் தகட்டுக்கு அடியில் ஓடிப் பரவியதற்கு மாற்று என்ன? அப்போதுதான் நமது கடையில் முன்பு மார்க்கா போட்டுக்கொண்டிருந்த பெரியவரின் நினைவு வந்தது.

இளைய வணிகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்று பிளாஸ்டிக் பையில் பெயர் அச்சாகி வருகிறது. அன்றைக்கு எல்லாம் சணல் சாக்குதான், பருப்பு என்றால் மூட்டை 100 கிலோ. லாரியில் ஏற்றும் முன், எந்தப் பார்ட்டிக்குப் போகிறதோ அவருடைய மார்க்காவை மூட்டை மேல் கறுப்பு மையில் போட வேண்டும். காலி எண்ணெய் டின்னை விரித்துத் தட்டி, அதில் எழுத்தை உளியால் வெட்டி எடுத்த தகரத் தகடுதான் அச்சு. தகட்டை மூட்டை மேல் வைத்து, மையில் தொட்ட துணியுருண்டையால் ஒற்றினால் எழுத்து விழும். எழுதப் படிக்கத் தெரியாத சுமைதூக்கும் தோழர்களும் மார்க்காவைப் பார்த்தே மூட்டையை இனம் பிரிப்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ட, ப, ய போன்ற எழுத்துகளை அப்படியே வெட்டலாம். க, த, ச போன்ற எழுத்துகளுக்கு நடுவில் வளையம் இருக்கிறது. வளையத்தைச் சுற்றி வெட்டினால் உள்ளே இருக்கிற துண்டு விழுந்துவிடும், எழுத்துக்குப் பதில் ஓட்டைதான் மிஞ்சும். அதனால் உள் துண்டு வெளித் தகட்டோடு ஒட்டி நிற்கச் சின்னச் சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். ஸ்டென்சில் எழுத்தைப் பார்த்தவுடன் இது ஸ்டென்சில் என்று தெரிவதே அந்த இடைவெளிகளால்தான்.

1981ஆம் வருஷம் என்று நினைவு. கம்பம் லைனில் நமக்கு இரண்டு பார்ட்டிகள். ஒருவருக்கு மார்க்கா 'க.வ.', மற்றவருக்கு 'த.வ.'. 'க' தகட்டில் பாலம் ஒடிந்து உள் துண்டு போய்விட்டது. அவசரத்தில் அதையே வைத்து மை ஒற்றி ஏற்றிவிட்டோம். சாக்கில் விழுந்தது ஒரு கறுப்புத் திட்டும் அதற்கு ஒரு வாலும். அது 'க'வா 'த'வா என்று லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு மூட்டை துவரம் பருப்பு 'த.வ.' கடையில் இறங்கிவிட்டது. திரும்ப வாங்கி உரியவரிடம் சேர்ப்பதற்குள் விலையும் இறங்கிவிட்டது. தப்பு நம்முடையது, நஷ்டத்தையும் நாம்தான் ஏற்றோம். மார்க்கா போடுகிற அண்ணன் அன்று ஊரில் இல்லை. திரும்பி வந்து, தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ஈயம் பற்ற வைத்துப் பாலத்தைச் சேர்த்தார்.

அவருக்கு இப்போது எண்பது வயது இருக்கும். ஆட்டோ அனுப்பிக் கூட்டி வந்தோம்.

பெரியவர் நடத்திய பாடம்

அட்டைகளைப் பார்த்தார். பிரஷைப் பார்த்தார். நீளமான மெல்லிய மயிர் உள்ள, படம் வரைகிற பிரஷ். "இது தகட்டுக்கு அடியில போய் நக்கும், சின்ன முதலாளி" என்றார். நமக்கு அறுபது கடந்துவிட்டது, அவருக்கு நாம் இன்னும் சின்ன முதலாளிதான். நமது கடையிலேயே முகச்சவர பிரஷ் ஒன்றை எடுத்து, மயிரைக் கத்தரியால் குட்டையாக மொட்டையாக வெட்டினார். தண்ணீர் சேர்க்காத வண்ணத்தில் நுனியை மட்டும் தொட்டார். தொட்டதை அட்டையில் வைக்கவில்லை. பழைய செய்தித்தாளில் வட்ட வட்டமாகத் தேய்த்தார். வண்ணம் முழுவதும் போய்விட்டதோ என்று நாம் நினைக்கிற அளவுக்குத் தேய்த்துவிட்டு, பிரஷைச் செங்குத்தாகப் பிடித்துத் தகட்டின் மேல் ஒற்றினார். ஓரத்திலிருந்து உள்பக்கமாக, மெதுவாக.

"மையை ஊட்டக் கூடாது தாயி, ஒத்தணும். பச்சைப் பிள்ளைக்குப் பவுடர் ஒத்துற மாதிரி."

தகட்டைத் தூக்கினார். விளக்கின் சுடர் ஊசி முனையோடு நின்றது.

விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சுகிறதே, அதே வேலைதான் தகட்டுக்கும் காகிதத்துக்கும் இடையே உள்ள நூல் இடுக்கில் நடக்கிறது. தண்ணீராக இருக்கிற வண்ணத்தை அந்த இடுக்கு இழுத்துக்கொள்ளும். கெட்டியாகவும் கொஞ்சமாகவும் இருந்தால் இழுக்க ஒன்றும் இல்லை. நிறம் போதவில்லை என்றால் காய்ந்த பிறகு இன்னொரு முறை ஒற்ற வேண்டும். ஒரு தடவை கெட்டியாகப் போடுவதைவிட இரண்டு தடவை லேசாகப் போடுவது எப்போதும் மேல். பிரஷுக்குப் பதில் ஸ்பான்ஜ் துண்டும் ஆகும். தகடு நகராமல் இருக்க, ஒட்டி எடுக்கக்கூடிய பசையைத் தகட்டின் பின்புறம் லேசாகத் தடவிக்கொள்ளலாம். காகித டேப்பால் நாலு மூலையையும் பிடித்தாலும் சரி. ஐந்தாறு அட்டைக்கு ஒரு முறை தகட்டின் அடிப்பக்கத்தைத் துடைக்காவிட்டால் அடுத்த அட்டையில் கறை விழும். குழுவினர் இதைச் செய்யவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அது மட்டும் அவர்கள் பக்கத்துத் தவறு.

இரண்டு வண்ணம் வேண்டுமானால் இரண்டு தகடு வெட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் உட்கார, மூலையில் அடையாளக் குறி இட்டுக்கொள்ள வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. வெட்டி விழுகிற இலைத் துண்டு, விளக்குத் துண்டுகளை எறிய வேண்டாம். அவற்றை அட்டை மேல் வைத்துச் சுற்றிலும் வண்ணம் ஒற்றினால், நடுவில் வெள்ளையாக அதே உருவம் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய தகட்டில் இரண்டு அச்சு கிடைக்கிறது. வியாபாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் இன்னொன்றும் கவனித்தார். அட்டையின் நாலு மூலையிலும் தோரணத்தின் நுனியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். "மஞ்சள் எங்க தடவுவீங்க?" என்று கேட்டார். கல்யாண வீட்டில் பத்திரிகை கொடுக்கும் முன் மூலைக்கு மஞ்சள் தடவுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், வடிவம் வரைகிற நேரத்தில் மறந்துபோயிற்று. மூலைகளைக் காலியாக விட்டுத் தகட்டைப் புதிதாக வெட்டினார்கள்.

சங்கம் வைத்து விற்ற சரக்கு

பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றிப் படித்தும் கேட்டும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தோம். ஸ்டென்சில் என்ற பேச்சே நமக்குப் புதிது என்று சொல்ல முடியாது. நமது சங்கத்துச் சுற்றறிக்கை ஒரு காலத்தில் சைக்ளோஸ்டைலில்தான் வந்தது. மெழுகுத் தாளில் டைப் அடிப்பதை 'ஸ்டென்சில் வெட்டுவது' என்றுதான் சொல்வோம். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி மை இறங்கும். 1876இல் எடிசன் காப்புரிமை வாங்கிய மின்பேனாவும் தாளில் துளை போட்டு மை இறக்குகிற இதே வழிதான். மார்கழியில் கோலமாவோடு சேர்த்து, துளை போட்ட கோல அச்சு விற்கிறோமே, அதுவும் ஸ்டென்சில்தான். மாவை வைத்துத் தட்டினால் கோலம் விழுகிறது. நம்மில் பலர் ஸ்டென்சில் வியாபாரி என்று தெரியாமலே ஸ்டென்சில் விற்றுக்கொண்டிருக்கிறோம்.

வடக்கே மதுரா, பிருந்தாவனத்துக் கோயில்களில் 'சாஞ்சி' என்று ஒரு கலை. காகிதத்தை நுண்ணிய கத்தரியால் வெட்டி, அதன் வழியாக வண்ணப் பொடி தூவித் தரையில் கண்ணன் கதைகளை வரைகிறார்கள்.

ஜப்பான்காரர்கள் செய்வதுதான் நம்மைப் போன்ற மளிகைக்காரர்களைக் கவரும். அங்கே துணிக்கு வடிவம் போட, முசுக்கொட்டை இனத்து மரப்பட்டை நாரால் செய்த காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டுகிறார்கள். ஒட்டுகிற பசை, காய்ச் சீமைப் பனிச்சையின் சாறு. அது காய்ந்து புகையேறிய பின் காகிதம் தண்ணீருக்கு அசையாத பழுப்புத் தகடாகிவிடும். அதில் வெட்டிய தகட்டைத் துணி மேல் வைத்துப் பூசுவது சாயத்தை அல்ல. பசையரிசி மாவும் தவிடும் சேர்த்துக் கிண்டிய கூழை! கூழ் படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் துணியை அலசினால் கூழ் கரைந்து போய் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். மெல்லிய கோடுகள் அசையாமல் இருக்க, தாளின் அடுக்குகளுக்கு நடுவே பட்டு நூலை வைத்து ஒட்டுவார்களாம். நமது பெரியவர் ஈயம் பற்ற வைத்த பாலம், அங்கே பட்டு நூலாக இருந்திருக்கிறது. இந்தத் தகடு வெட்டுவதற்குப் பெயர் பெற்ற இடம் ஷிரோகோ. இப்போது சுசுகா நகரத்தோடு சேர்ந்துவிட்டது. அந்த ஊர் வியாபாரிகள் சங்கமாகக் கூடி, ஆட்சியாளரின் ஆதரவோடு, தகடுகளைச் சுமந்து ஜப்பான் முழுவதும் விற்று வந்திருக்கிறார்கள். ஸ்டென்சிலுக்கென்றே ஒரு வணிகர் சங்கம்!

பிரான்சு நாட்டில் மத்தீஸ் என்ற பெரிய ஓவியர் முதுமையில் நோயுற்ற பிறகு, வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரியால் வெட்டிப் படம் செய்தார். 1947இல் அவற்றை 'ஜாஸ்' என்ற புத்தகமாகப் போட்டபோது, அந்தப் பளிச்சென்ற நிறம் வர வேண்டுமென்று ஸ்டென்சில் வைத்துக் கையால்தான் வண்ணம் ஏற்றினார்கள். இருபது படங்கள்.

வாழ்த்து அட்டை என்பதே முதலில் பாதி கைவேலைதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்து விற்ற கிறிஸ்துமஸ் அட்டையை முதல் வணிக அட்டை என்கிறார்கள். கோடுகள் அச்சில், வண்ணம் கையில். ஏறக்குறைய ஆயிரம் அச்சிட்டு ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். உழைக்கிற மக்களுக்கு அன்று அது பெரிய விலை. நம் பக்கம் பொங்கல் வாழ்த்து அட்டைகள் சிவகாசியில் அச்சாகி வந்து, தை பிறக்கும் முன் நமது கடை வாசல்களில் கயிறு கட்டித் தொங்கிய காலத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கைப்பேசி வந்து அதை முடித்து வைத்தது. அச்சடித்த அட்டைக்கு இனி அந்தக் காலம் திரும்பாது என்பதே நமது எண்ணம். இருபது பேருக்கு மட்டும் அனுப்ப, கையால் செய்ததாக வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள்தான் இப்போது நமது பக்கத்து அறைக்கு வருகிறார்கள். எண்ணிக்கை சிறிது. அவர்கள் விலை பேசுவதும் குறைவு.

அலமாரியில் என்ன வைப்பது

இந்தச் சரக்கு போட நினைக்கிற அன்பர்கள் முதலில் ஒரு அலமாரித் தட்டுக்கு மேல் இடம் ஒதுக்க வேண்டாம். வெட்டுவதற்கான பாலியஸ்டர் ஷீட் 125 முதல் 190 மைக்ரான் வரை இருக்கலாம். வளைத்து விட்டால் மடியாமல் நிமிர வேண்டும். மிக மெல்லியதாக இருந்தால் ஒற்றும்போது ஓரம் தூக்கும். விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டுவதுண்டு. தரம் நல்ல தரம்தான், ஆனால் அதில் யாரோ ஒரு நோயாளியின் பெயர் இருக்கும். அதை வாங்கி விற்பது நமக்குச் சம்மதமில்லை. குட்டைப் பிரஷ், வெட்டுக் கத்தி, அடியில் வைக்கிற மேட் ஆகியவை வேண்டும். அட்டைக் காகிதம் 250 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் இருக்கட்டும், நிறுத்து வாங்குங்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் செய்வது போன்ற பருத்திக் கழிவுக் கைக்காகிதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பு. வண்ணம் இன்னும் வறட்சியாக இருக்க வேண்டும், டேப் ஒட்டி எடுத்தால் நார் பிய்ந்து வரும். இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

மற்றதெல்லாம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. மிக்ஸட் மீடியா என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். வண்ணம், காகிதம், துணி, கயிறு, பசை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே படத்தில் சேர்ப்பதுதான். காகிதத்துக்குப் பழைய நிறம் கொடுக்கத் தேயிலை டிகாஷன். தகட்டின் வழியாக வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டு, மேலே டிகாஷன் பூசினால் மெழுகு பட்ட இடத்தில் கறை பிடிக்காமல் உருவம் வெளியே வரும். ஜப்பான்காரர் கூழால் செய்ததை நாம் மெழுகால் செய்கிறோம். ஈரமான நீர்வண்ணத்தின் மேல் கல் உப்பைத் தூவிக் காய்ந்த பிறகு தட்டிவிட்டால் பனி பூத்தது போல் புள்ளிகள் நிற்கும். உருவம் புடைப்பாக வேண்டுமா? வெள்ளைப் பசையோடு சாக்பீஸ் தூளையோ டால்கம் பவுடரையோ கெட்டித் தயிர்ப் பதத்தில் குழைத்து, தகட்டின் மேல் தட்டைக் கரண்டியால் வழித்து, தகட்டை நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் எல்லாம் போயிற்று. ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். தகட்டை உடனே கழுவாவிட்டால் அந்தத் தகடு அதோடு சரி. தபாலில் போகிற அட்டைக்குப் புடைப்பு வேண்டாம், நொறுங்கிவிடும்.

மஞ்சள் தூளைக் கரைத்து வண்ணமாகப் போடலாமா என்று கேட்பார்கள். போட்ட அன்று அழகாக இருக்கும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். சுண்ணாம்பு பட்டால் சிவந்துவிடும். அரிசி மாவுப் பசை ஒட்டுவதற்கு நல்லதுதான், ஆனால் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் இதற்காகவே பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் கை வைக்கிற வேலைக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

துணிப்பைக்கும் இதே தகடு பயன்படும். 2021 டிசம்பரில் அரசு மஞ்சப்பை இயக்கம் தொடங்கியதிலிருந்து தாம்பூலப் பையில் பெயர் போட்டுக் கேட்கிறவர்கள் நம்மிடமும் வருகிறார்கள். துணிக்கென்று உள்ள வண்ணம் வேண்டும், காய்ந்த பிறகு பின்பக்கம் இஸ்திரி போட வேண்டும்.

குழுவுக்கு அந்த 300 அட்டைக்கும் நல்ல காகிதமும் வண்ணமும் நாமே திரும்பக் கொடுத்தோம். பெரியவர் நாலு நாள் அவர்கள் வேலை செய்கிற கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து வந்தார், ஆட்டோச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டார். பதினோராம் நாள் வரை போகவில்லை. ஒன்பதாம் நாளே அட்டைகள் போய்ச் சேர்ந்தன. காகிதம் கொடுத்த வியாபாரியிடம் தராசுச் சீட்டைக் காட்டினோம், அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார். கடைப் பையனை நாம் வையவில்லை. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பெரியவரிடமே இரண்டு மத்தியானம் உட்கார வைத்தோம். இப்போது தண்ணீர் ஊற்று என்று அவன் யாரிடமும் சொல்வதில்லை. செய்தித்தாளில் தேய்த்துக் காட்டித்தான் வண்ணம் விற்கிறான்.

போகும்போது பெரியவர், பழைய தகடுகள் பரணில் இருக்கின்றனவா என்று கேட்டார். தேடியதில் ஏழு அகப்பட்டன. அதில் ஈயம் பற்ற வைத்த 'க.வ.' தகடும் ஒன்று. குழுவில் உள்ள ஒரு பெண் அதை இரவல் வாங்கிப் போனாள். பழைய சாக்குத் துண்டை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நமது 1980களின் பழைய பில் தாள்களைத் தேயிலைக் கறை ஏற்றி ஒட்டி, சணல் கயிற்றால் ஓரம் தைத்து, நடுவில் அந்த மார்க்காவைக் கறுப்பு வண்ணத்தில் ஒற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம்.

சென்ற மாதம் கம்பத்திலிருந்து அந்தப் பார்ட்டியின் மகன் சரக்கெடுக்க வந்திருந்தார். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்தவர் கிட்டே போய் நின்றார். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "எங்க அப்பா மார்க்கா இல்ல இது?" என்றார். ஆமாம் என்றோம். "இப்ப எழுத்துத் தெளிவா விழுந்திருக்கே, அண்ணாச்சி. அந்தப் பன்னிரண்டு மூட்டையைப் பத்தி அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்று சிரித்தார்.

அவருக்கும் ஒன்று அதே போல வேண்டுமாம். குழுவுக்கு ஆர்டர் சொல்லியிருக்கிறோம்.